குண்டு விழுந்த கோயிலை என்ன செய்வது? லண்டன் செய்து பார்த்த வழிகள்

ஒரு பழைய கிறிஸ்தவக் கோயிலின் கூரை எரிந்து விழுந்துவிட்டது. நாலு சுவர் நிற்கிறது, கோபுரம் நிற்கிறது, உள்ளே சாம்பலைத் தவிர ஒன்றும் மிச்சமில்லை. இனி என்ன செய்வது? இருந்தபடியே திரும்பக் கட்டுவதா, வெளியே பழையதை வைத்துக்கொண்டு உள்ளே புதிதாகச் செய்வதா, இடிபாடாகவே விட்டுவிடுவதா, இல்லை கல்லை எல்லாம் பிரித்து வேண்டும் என்கிறவர்களிடம் கொடுத்துவிடுவதா? இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு லண்டனின் நடுவில், சிட்டி என்று அவர்கள் சொல்கிற அந்தச் சுமார் ஒரு சதுர மைல் பரப்புக்குள், இது எல்லாவற்றையும் செய்து பார்த்திருக்கிறார்கள். அதிலும் பெரும்பாலும் ஒரே மனிதர், பதினேழாம் நூற்றாண்டுக் கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென், கட்டிய கோயில்களில். ஒருவரே கட்டிய கோயில்கள், ஒரே போர், ஆனால் வேறு வேறு முடிவுகள் என்பதால், எந்த வழி சரி என்று ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பேசுவது பேராலயங்களைப் பற்றி அல்ல. செயின்ட் பால்ஸ் பேராலயம் குண்டுவீச்சில் தப்பித்த கதை எல்லாருக்கும் தெரியும். இது சின்னக் கோயில்களைப் பற்றியது, நம் திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் 'சேகரம்' என்பார்களே, அப்படி ஒரு வட்டாரத்து ஜனங்கள் பிறப்புக்கும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் வந்து போகிற கோயில். 1666 பெருந்தீயில் சிட்டியின் சேகரக் கோயில்கள் எண்பதுக்கும் மேல் எரிந்தன, அதில் 51 கோயில்களைத் திரும்பக் கட்டும் பொறுப்பு ரென் கைக்கு வந்தது. அவற்றில் பல 1940-லும் 1941-லும் இரண்டாம் முறை எரிந்தன.

1940 டிசம்பர் 29, ஞாயிற்றுக்கிழமை இரவு. ஜெர்மன் விமானங்கள் கொட்டியதில் பெரும்பகுதி தீக்குண்டுகள். விடுமுறை நாள் என்பதால் அலுவலகங்களும் கிடங்குகளும் கோயில்களும் பூட்டிக் கிடந்தன, கூரையில் விழுந்த குண்டை உதைத்துத் தள்ள ஆள் இல்லை. தேம்ஸில் தண்ணீர் வற்றிய நேரம், குழாய்களும் உடைந்துவிட்டன. அந்த ஒரே இரவில் ரென் கட்டிய கோயில்கள் எட்டு போயின. இந்த இரவுக்குப் பிறகுதான் கட்டடங்களுக்கு இரவுக் காவல் போடுவதைச் சட்டமாகவே ஆக்கினார்கள்.

ஏன் எல்லா இடத்திலும் கோபுரம் மட்டும் நின்றது என்று கேட்கலாம். கோயிலின் உடல் என்பது கல் சுவரின் மேல் மரச் சட்டம், அதன் மேல் ஈயத் தகடு. குண்டு ஈயத்தை உருக்கிக்கொண்டு மரத்துக்குப் போகிறது, கூரை அப்படியே உள்ளே விழுகிறது, கீழே இருக்கிற பெஞ்சுகளும் மேல்மாடங்களும் விறகாகின்றன. கோபுரமோ தடித்த கல், எரிவதற்கு உள்ளே மணி தொங்கும் மரச்சட்டமும் தளங்களும்தான். அதனால் கோபுரம் நிற்கும், மணிகள் மட்டும் கீழே விழுந்து உடையும், அல்லது உருகும். ஆக, போர் முடிந்தபோது இவர்கள் கையில் இருந்தது பெரும்பாலும் ஒரு முழுக் கோபுரமும் ஒரு வெறும் கூடும். மேலே சொன்ன எல்லா வழிகளும் இங்கே இருந்துதான் கிளம்புகின்றன.

இன்னொரு சிக்கல், இதுதான் முக்கியமானது: சிட்டியில் ஆளே குடியிருக்கவில்லை. பகலில் லட்சக்கணக்கில் வேலைக்கு வருவார்கள், இரவில் காவல்காரர்கள்தான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு யார் வருவார்கள்? அதனால் "பழையபடி கட்டினால் என்ன" என்ற கேள்வியைவிட "கட்டி யாருக்கு" என்ற கேள்வி கனமானது. 1952-ல் ஒரு சட்டமே கொண்டுவந்து சில கோயில்களைச் சேகரம் இல்லாத கோயில்களாக, வார நாட்களில் வேலைக்கு வருகிறவர்களுக்கான கோயில்களாக மாற்றினார்கள். இதை மறந்துவிட்டு வெறும் கல்லையும் தூணையும் மட்டும் பார்த்தால் எந்த முடிவும் புரியாது.

என் அளவுகோலையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கோயில் 'அதே கோயில்' என்று சொல்ல நாலு விஷயம் வேண்டும் என்று நினைக்கிறேன்: அதே மண், அதே கல், அதே உருவம், அப்புறம் புழக்கம். நாலும் ஒன்றாகக் கிடைத்த கோயில் போருக்குப் பின் ஒன்றுகூட இல்லை. எதை விட்டுக்கொடுத்தார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

ஃப்ளீட் ஸ்ட்ரீட்டில் இருக்கிற செயின்ட் பிரைட்ஸில் ஆரம்பிக்கிறேன். அடுக்கடுக்காக, எண்கோணமாக, மேலே போகப்போகச் சிறுத்துக்கொண்டே போகும் அந்தக் கோபுரத்தைப் பார்த்துத்தான் ஒரு மிட்டாய்க் கடைக்காரர் முதல் அடுக்குக் கல்யாண கேக்கைச் செய்தார் என்று ஒரு கதை உண்டு. கதை உண்மையோ இல்லையோ, கோபுரத்தைப் பார்த்தால் நம்பத் தோன்றும். 226 அடி உயரம், ரென்னின் சேகரக் கோயில்களில் இதுதான் உயரமானது. 1764-ல் இடி விழுந்து உச்சியில் எட்டு அடி குறைந்த பிறகும் இந்த உயரம்.

டிசம்பர் 29 இரவில் இது எரிந்தது, கோபுரமும் வெளிச்சுவர்களும் தப்பின. திரும்பக் கட்டியவர் காட்ஃப்ரே ஆலன். இவர் யார் என்று தெரிந்தபோது எனக்குச் சற்று நேரம் வேறெதுவும் ஓடவில்லை. செயின்ட் பால்ஸின் கட்டடப் பொறுப்பாளர் இவர்தான், குண்டு விழும் இரவுகளில் செயின்ட் பால்ஸ் கூரையைக் காத்த தன்னார்வக் காவல் படைக்குத் தலைவரும் இவர்தான். பேராலயத்தின் கூரையில் இருந்து பார்த்தால் மேற்கே கொஞ்ச தூரத்தில் செயின்ட் பிரைட்ஸ் கோபுரம் தெரியும். ஒன்றைக் காப்பாற்றிய படையின் தலைவர், எரிந்துபோன இன்னொன்றைப் பின்னால் எடுத்துக் கட்டுகிறார். 1957 டிசம்பர் 19 அன்று இரண்டாம் எலிசபெத் ராணி முன்னிலையில் கோயில் மறுபடி பிரதிஷ்டையானது.

ஆலன் வெளியே ரென்னை அப்படியே விட்டார். உள்ளே அப்படிச் செய்யவில்லை. ரென் காலத்தில் இரண்டு பக்கமும் மேல்மாடங்கள் இருந்தன, இரட்டை இரட்டையாக நிற்கும் தூண்கள் அவற்றைத் தாங்கின. ஆலன் மாடங்களைத் திரும்பக் கட்டவே இல்லை. பெஞ்சுகளையும் பீடத்தை நோக்கி வரிசையாகப் போடாமல், கல்லூரிச் சிற்றாலயங்களில் போல நடுவழியின் இரு பக்கமும் ஒன்றையொன்று பார்க்கும்படி போட்டார். கிழக்குச் சுவருக்கு முன்னால் தனியாக நிற்கும் மரப் பீடத்திரை ஒன்று புதிதாக வந்தது. அதற்குப் பின்னால் இருக்கும் சுவர் தட்டைச் சுவர்தான், ஆனால் கிளின் ஜோன்ஸ் என்ற ஓவியர் அதில் வளைந்த மாடக்குழி போல வரைந்து வைத்திருக்கிறார். வாசலில் இருந்து பார்க்கும்போது சுவர் குழிந்திருப்பதாகவே தெரியும், பக்கவாட்டில் நாலு எட்டு நகர்ந்தால்தான் அது வர்ணம் என்று பிடிபடும். நான் இரண்டு மூன்று தடவை முன்னும் பின்னும் நடந்து பார்த்தேன்.

இதைக் குறை சொல்கிறவர்கள் உண்டு. மாடம் இல்லாமல் தூண்கள் அநாதையாக நிற்கின்றன, ரென் நினைத்த கூடம் இது இல்லை என்பார்கள். உண்மைதான், இது ரென் கூடம் இல்லை, 1950-கள் ரென்னைப் பற்றிக் கண்ட கனவு. ஆனால் மாடங்களைக் கட்டியிருந்தால் அதில் உட்கார ஆள் யார்? எதிரெதிர் இருக்கைகளில் நாற்பது பேர் உட்கார்ந்தாலும் கோயில் நிறைந்தது போல இருக்கும். நீளவாட்டில் போட்ட பெஞ்சுகளில் அதே நாற்பது பேர் சிதறிக்கிடப்பார்கள். ஆலன் சின்னச் சபைக்கு ஏற்ற கூடத்தைத்தான் கட்டினார், எனக்கு அதில் பெரிய அறிவு தெரிகிறது.

செயின்ட் பிரைட்ஸின் உண்மையான புதையல் தரைக்குக் கீழே இருக்கிறது. திரும்பக் கட்டுவதற்கு முன், 1952 வாக்கில், டபிள்யூ. எஃப். கிரைம்ஸ் என்ற தொல்லியலாளர் அடியில் தோண்டினார். கோயில் முழுசாக இருந்திருந்தால் யாரும் அங்கே கடப்பாரை போட விட்டிருக்க மாட்டார்கள். ஒன்றன் மேல் ஒன்றாக முந்தைய கோயில்களின் அடித்தளங்கள், அவற்றுக்கும் அடியில் ரோமானியர் காலத் தளம், மறந்தே போயிருந்த நிலவறைகளில் பெயரும் தேதியும் பொறித்த தகடுகளோடு 200-க்கும் மேற்பட்ட சவப்பெட்டிகள். யார், எந்த வயதில் இறந்தார் என்று தெரிந்த எலும்புகள் என்பதால் எலும்பை வைத்து வயதைக் கணிக்கும் ஆராய்ச்சிக்கு இன்றுவரை அவை உரைகல்லாக இருக்கின்றன. நிலவறையில் அந்த ரோமானியத் தளத்தின் துண்டை இன்றும் பார்க்கலாம்.

புழக்கத்துக்கு வருவோம். வின்கின் டி வோர்ட் 1500 வாக்கில் அச்சகத்தைக் கொண்டுவந்து இந்தக் கோயில் பக்கத்தில்தான் வைத்தார், அதில் இருந்து ஃப்ளீட் ஸ்ட்ரீட் பத்திரிகைத் தெருவானது. கோயில் திரும்ப எழும்பியதில் பத்திரிகை உலகத்தின் பணமும் உண்டு. பத்திரிகைகள் அந்தத் தெருவை விட்டுப் போய்ப் பல காலம் ஆகிவிட்டது, ஆனாலும் கோயிலின் வடகிழக்கு மூலையில் பத்திரிகையாளர்களுக்கென்று ஒரு சின்னப் பீடம் இருக்கிறது. வேலையில் இருக்கும்போது கொல்லப்பட்டவர்கள், காணாமல் போனவர்கள் படங்கள், முன்னால் மெழுகுவர்த்திகள். நான் போன அன்று ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி அங்கே நின்று ஒரு படத்தின் மூலை மடங்கியிருந்ததை விரலால் நீவி நீவி நேராக்கிக்கொண்டிருந்தார். கோயில் உயிரோடு இருக்கிறதா என்று கேட்டால் எனக்கு அந்த விரல்தான் ஞாபகம் வரும்.

இதற்கு நேர் எதிர் வழி, லண்டன் டவருக்கும் லண்டன் பிரிட்ஜுக்கும் நடுவே ஒரு சரிவில் இருக்கிற செயின்ட் டன்ஸ்டன் இன் தி ஈஸ்ட். இதன் கோபுரம் மட்டும்தான் ரென்னுடையது, 1695-ல் தொடங்கி 1701-ல் முடித்தது. ரென்னுக்குப் பழக்கமான ரோமானியப் பாணியை விட்டுவிட்டு, கோத்திக் பாணியில் நாலு மூலையில் இருந்தும் வளைந்து வரும் கல் விலாக்கள் ஒன்றுகூடி உச்சி ஊசியைத் தாங்குவது போலச் செய்தார். அந்தரத்தில் நிற்பது போலத் தோன்றும். 1703-ல் ஒரு பெரும்புயல் அடித்தபோது லண்டன் கோபுரங்கள் எல்லாம் சேதம் என்று யாரோ வந்து சொல்ல, "செயின்ட் டன்ஸ்டன் இருக்காது, அது எனக்கு நிச்சயம்" என்று ரென் சொன்னதாக ஒரு கதை. கோயிலின் உடல் 1817-க்கும் 1821-க்கும் இடையில் டேவிட் லேங் கட்டியது.

1941-ல் உடல் எரிந்தது, கோபுரம் அசையவில்லை. திருச்சபை திரும்பக் கட்ட வேண்டாம் என்று முடிவு செய்தது, சேகரம் பக்கத்தில் இருந்த ஆல் ஹாலோஸ் கோயிலோடு சேர்ந்துவிட்டது. 1967-ல் சிட்டி நிர்வாகம் அதைத் தோட்டமாக்க முடிவெடுத்து 1971-ல் திறந்தது.

இப்படி விட்டுவிட வேண்டும் என்ற யோசனை புதிதல்ல. போர் முடியும் முன்பே, 1944 ஆகஸ்டில், கலை வரலாற்றாசிரியர் கென்னத் கிளார்க், பொருளாதார மேதை கெயின்ஸ், கவிஞர் எலியட் இவர்கள் எல்லாம் சேர்ந்து டைம்ஸ் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார்கள்: சில இடிந்த கோயில்களை இடிந்தபடியே போர் நினைவிடமாக வைத்துக்கொள்ளலாம் என்று. சீக்கிரம் எல்லாவற்றையும் சுத்தமாகக் கட்டிவிட்டால், என்ன நடந்தது என்பதே அடுத்த தலைமுறைக்குத் தெரியாமல் போய்விடும் என்ற கவலை அவர்களுக்கு. இதை என்னால் ஒதுக்கித் தள்ள முடியாது. செயின்ட் பிரைட்ஸுக்குள் நுழைகிற ஒருவருக்கு, சொல்லாவிட்டால், இது எரிந்த கோயில் என்றே தெரியாது. செயின்ட் டன்ஸ்டனில் அதைச் சொல்லவே வேண்டாம்.

மதியம் பன்னிரண்டரைக்கு அங்கே போய்ப் பாருங்கள். கூரை இல்லாத நடுக்கூடத்தில், தரையோடு தரையாக ஒரு சின்ன நீரூற்று, சுற்றி பெஞ்சுகள். கழுத்தில் அலுவலக அட்டையோடு ஆட்கள் மடியில் டப்பாவை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். கண்ணாடி போன ஜன்னல்களின் கல் வேலைப்பாட்டுக்குள் கொடி நுழைந்து, வெளியே போய், அடுத்த இடுக்கில் மறுபடி உள்ளே வந்திருக்கும். கல் எங்கே முடிகிறது, செடி எங்கே ஆரம்பிக்கிறது என்று பிரிக்க முடியாது. இதைவிட அழகான இடம் சிட்டியில் இருக்கிறதா என்று கேட்டால் யோசிக்கத்தான் வேண்டும்.

எனக்கு இங்கேதான் ஒரு உறுத்தல். அழகாக இருக்கிறது என்பதே அதன் பிரச்சினை. நினைவிடம் என்று அந்தக் கடிதம் கேட்டது வேறு. இங்கே வருகிறவர்கள் படம் எடுக்க வருகிறார்கள், கல்யாண ஆல்பத்துக்கு வருகிறார்கள், குண்டு ஞாபகம் வருகிறதா என்றால் எனக்குச் சந்தேகம். முப்பது வருஷம் கொடி வளர்ந்தால் காயம் தெரியாது, காட்சிதான் தெரியும். ஆனால் ஒன்று, அந்த இடத்தைக் கோயில் என்று யாரோ இன்னும் நினைக்கிறார்கள்: குருத்தோலை ஞாயிறு அன்று சில வருஷங்களில் திறந்த வெளியில் இங்கே ஜெபம் சொல்லிவிட்டு, குருத்தோலையோடு ஆல் ஹாலோஸுக்கு ஊர்வலமாகப் போகிற வழக்கம் உண்டு. மண்ணும் கல்லும் முழுதாக இருந்து, புழக்கத்தில் ஒரு நூல் மட்டும் அறுபடாமல் இருப்பது அப்படித்தான்.

இதே வழியைத் தப்பாகச் செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு நியூகேட் ஸ்ட்ரீட் கிறைஸ்ட் சர்ச்சைச் சொல்லலாம். ரென் கட்டிய பெரிய சேகரக் கோயில்களில் ஒன்று, அதே டிசம்பர் இரவில் எரிந்தது. கோபுரமும் சுவர்களும் நின்றன. பிறகு 1970-களில் சாலையை அகலப்படுத்துகிறோம் என்று கிழக்குச் சுவரை இடித்தார்கள். குண்டு விட்டுவைத்த சுவரை நகரமே இடித்தது. இப்போது ரோஜாத் தோட்டம், தூண்கள் இருந்த இடத்தில் கொடி ஏறும் மரச்சட்டங்கள். கோபுரம் தனியார் வீடு. இடிபாடாக வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தால் அதையும் காவல் காக்க வேண்டும், இல்லையென்றால் இடிபாடு வெறும் காலி மனை ஆகிவிடும்.

சீப்சைடில் இருக்கிற செயின்ட் மேரி லெ போவைப் பற்றி எழுத எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் இவர்கள் காப்பாற்ற நினைத்தது கண்ணுக்குத் தெரிகிற விஷயமே இல்லை. இந்தக் கோயிலின் மணி, அதாவது 'போ' மணி, அதன் ஓசை கேட்கிற தூரத்துக்குள் பிறந்தவர்தான் உண்மையான காக்னி, அசல் லண்டன்காரர், என்பது லண்டன்வாசிகளின் பழைய கணக்கு. 1926-ல் பதிவு செய்த அந்த மணியோசையைப் போர்க்காலத்தில் பிபிசி ஒலிபரப்பியது. வானொலியில் மணி கேட்டுக்கொண்டிருக்கும்போதே, 1941 மே 10 இரவு, அசல் மணிகள் விழுந்து உடைந்தன.

லாரன்ஸ் கிங் என்பவர் 1956-ல் தொடங்கி 1964-ல் திரும்பக் கட்டி முடித்தார். புது மணிகளை 1956-ல் ஒயிட்சேப்பல் வார்ப்படச் சாலையில் வார்த்தார்கள், 1961-ல் அவை ஒலித்தன, அதாவது கோயில் முடிவதற்கு முன்பே மணி அடித்துவிட்டது. மொத்தம் 12 மணிகள். ஒவ்வொன்றிலும் ஒரு சங்கீத வரி பொறித்திருக்கிறது, அந்த 12 வரிகளின் முதலெழுத்துகளையும் ஆங்கிலத்தில் வரிசையாகக் கூட்டினால் 'டி. விட்டிங்டன்' என்று வரும். ஊரை விட்டு ஓடப் பார்த்த ஏழைப் பையன் டிக் விட்டிங்டனை, நீ லண்டன் மேயராவாய், திரும்பி வா என்று கூப்பிட்டதாகக் கதையில் வருவது இந்த மணிகள்தானே. பார்க்கிறவர் யாரும் மேலே ஏறிப் படிக்கப்போவதில்லை. ஆனாலும் பொறித்திருக்கிறார்கள்.

உள்ளே கிங், ஆலனைவிடத் துணிச்சலாகப் போனார். ரென்னின் கூடத்தின் அளவும் வளைவும் இருக்கிறது, ஆனால் நீலமும் பொன்னும் வெள்ளையுமாக ஒரு கூரை, ஜான் ஹேவர்டின் புது வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள், இரண்டு பிரசங்க மேடைகள். இரண்டு எதற்கு என்றால், அந்தக் காலத்தில் மதிய இடைவேளையில் போதகரும் ஒரு விருந்தினரும் ஆளுக்கொரு மேடையில் நின்று விவாதித்தார்கள். அலுவலகக்காரர்கள் கேட்க வந்தார்கள். ஹேவர்டின் ஒரு ஜன்னலில், மரியாள் இந்தக் கோயிலையே குழந்தை போல ஏந்திக்கொண்டிருக்க, சுற்றிலும் சிட்டியின் மற்றக் கோபுரங்கள் நிற்கின்றன. நடுவில் தொங்கும் பெரிய சிலுவை ஜெர்மனியின் ஓபர்அம்மர்கௌவில் செதுக்கியது, ஜெர்மானியர்கள் கொடுத்தது. குண்டு போட்ட நாட்டின் மரச்சிலுவையை, குண்டு விழுந்த கோயிலின் நட்ட நடுவில் மாட்டி வைத்திருக்கிறார்கள். ரென் கட்டியதைத் திரும்ப வரைவதை மட்டும் குறியாக வைத்திருந்தால் இதற்கு இடம் கிடைத்திருக்காது.

கிங்கின் வண்ணங்கள் எனக்குக் கொஞ்சம் அதிகம்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் ஆலனுடைய உள்கூடம் எந்தக் காலத்தது என்று சொல்லாது, கிங்குடையது சொல்லும். நேர்மை என்ற கணக்கில் கிங்குக்குத்தான் மதிப்பெண் கூட.

இனி ஆல்டர்மன்பரி. ஒப்பீட்டில் என்னை ரொம்பச் சங்கடப்படுத்தியது இதுதான். செயின்ட் மேரி ஆல்டர்மன்பரி, ரென் 1670-களில் கட்டியது, டிசம்பர் 29 இரவில் எரிந்து 25 வருஷம் கூடாகவே நின்றது. அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தில் ஃபுல்டன் என்று ஒரு சின்ன ஊர், அங்கே வெஸ்ட்மின்ஸ்டர் கல்லூரி. சர்ச்சில் 1946 மார்ச் 5 அன்று, ஐரோப்பாவை இரண்டாகப் பிரித்த 'இரும்புத்திரை' பற்றிப் பேசியது அங்கேதான். அந்தப் பேச்சுக்கு நினைவாக என்ன வைக்கலாம் என்று தேடிய கல்லூரிக்காரர்கள், லண்டனில் இடிக்கப்படக் காத்திருந்த இந்தக் கோயிலைக் கேட்டார்கள். சுமார் 7,000 கற்களுக்கு எண் போட்டுப் பிரித்து, கப்பலேற்றி, ரயிலேற்றி, அங்கே அடுக்கினார்கள். 1969 மே மாதம் பிரதிஷ்டை.

நான் ஃபுல்டன் போனதில்லை, படங்களையும் வரைபடங்களையும் வைத்துத்தான் சொல்கிறேன். முதலில் கேட்டபோது கோபம் வந்தது. கோயில் என்ன சோபாவா, தூக்கி வேறு வீட்டில் போட? ஆனால் விவரம் படிக்கப் படிக்க என் உறுதி தளர்ந்தது. நான் இங்கே பேசுகிற கோயில்களில் ரென்னின் உருவத்துக்கு ரொம்பப் பக்கத்தில் போனது இந்த ஃபுல்டன் கோயில்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒட்டவைத்த மாற்றங்களை விட்டுவிட்டு ரென் காலத்துத் தோற்றத்தையே அங்கே எழுப்பினார்கள். லண்டனில் இருந்த கோயில்கள் ஒவ்வொன்றும் தங்கள் சபைக்காக வளைந்துகொடுத்தன, ஃபுல்டனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கல்லும் உருவமும் முழு மதிப்பெண், மண் பூஜ்யம். புழக்கம்? கல்லூரியின் சிற்றாலயம், அடியில் சர்ச்சில் அருங்காட்சியகம். பக்கத்தில் பெர்லின் சுவர்த் துண்டுகளால் சர்ச்சிலின் பேத்தி எட்வினா சேண்டிஸ் செய்த சிற்பம், 1992-ல் கோர்பசேவ் வந்து பேசிய இடம். அந்தக் கோயிலுக்கு ஒரு இரண்டாம் வாழ்க்கை உண்மையாகவே கிடைத்திருக்கிறது.

ஆனாலும் எனக்கு ஒப்பவில்லை, காரணம் லண்டனில் விட்டுப்போன இடம். ஆல்டர்மன்பரி மூலையில் இப்போது ஒரு சின்னத் தோட்டம். தரையில் சுவர்களின் அடிவரிசையும் தூண்களின் அடிப்பீடங்களும் கோயிலின் வரைபடம் போலக் கிடக்கின்றன. அங்கே ஒரு நினைவுச்சின்னம், மேலே ஷேக்ஸ்பியரின் மார்பளவுச் சிலை. உற்றுப் படித்தால்தான் தெரியும், அது ஷேக்ஸ்பியருக்கானது இல்லை, ஜான் ஹெமிங்ஸ், ஹென்றி கான்டெல் என்ற இரண்டு நடிகர்களுக்கானது. நண்பர் இறந்த பிறகு அவர் நாடகங்களைத் தேடித் திரட்டி 1623-ல் ஒரே தொகுதியாகப் போட்டவர்கள். அவர்கள் இல்லாவிட்டால் பாதி நாடகங்கள் நமக்குக் கிடைத்திருக்காது. இருவரும் இந்தச் சேகரத்தில் வாழ்ந்து இங்கேயே புதைக்கப்பட்டவர்கள். கோயில் கப்பலேறிவிட்டது, அவர்கள் இன்னும் அங்கேதான் கிடக்கிறார்கள். மண் என்ற கணக்கை நான் ஏன் விடமாட்டேன் என்கிறேன் என்பதற்கு இதுதான் பதில்.

லண்டனுக்கு வெளியே ஒரே ஒரு ஊரைச் சொல்லிவிடுகிறேன், பிளிமத். 1941 மார்ச் குண்டுவீச்சில் செயின்ட் ஆண்ட்ரூஸ் கோயில் எரிந்தபோது, ஒரு பள்ளிக்கூடத்து ஆசிரியை வாசலுக்கு மேலே ஒரு பலகை மாட்டினார்: 'ரெசர்கம்', லத்தீனில் 'நான் மீண்டும் எழுவேன்'. கூரையில்லாத கூடத்திலேயே செடி வைத்து ஆராதனை நடத்தினார்கள், 1957-ல் ஃபிரெடரிக் எட்சல்ஸ் திரும்பக் கட்டி முடித்தார், ஜான் பைப்பரின் ஜன்னல்கள் அங்கே பார்க்க வேண்டியவை. அதே ஊரில் சார்ல்ஸ் சர்ச்சை இடிபாடாகவே விட்டு, குண்டுவீச்சில் இறந்த சுமார் 1,200 ஊர்மக்களுக்கு நினைவிடமாக்கினார்கள். ஒன்று எழுந்தது, ஒன்று விழுந்தபடி நிற்கிறது. தோட்டமாக்காததால் சார்ல்ஸ் சர்ச் அழகாக இல்லை, சுற்றி வண்டிகள் ஓடும் ரவுண்டானா நடுவே மொட்டையாக நிற்கிறது. ஆனால் செயின்ட் டன்ஸ்டனில் எனக்கு வராத பாரம் அதைப் பார்த்தால் வரும்.

சரி, எது சிறந்தது? இதுவரை பெயரை மட்டும் சொல்லிவந்த ஆல் ஹாலோஸ் பை தி டவர் பக்கம்தான் என் ஓட்டு. இது ரென் கோயில் இல்லை, 1666 தீ இதைத் தொடவில்லை. நாட்குறிப்புக்குப் பேர்போன சாமுவேல் பெப்பிஸ் இதன் கோபுரத்தில் ஏறித்தான் லண்டன் எரிவதைப் பார்த்தார். அன்று தப்பித்த கோயில் 1940-ல் தப்பவில்லை, கோபுரமும் சுவர்களும்தான் மிச்சம். குண்டு ஒரு பழைய சுவரைப் பெயர்த்தபோது உள்ளே ஒரு வளைவு வெளிப்பட்டது. ரோமானியர்களுக்குப் பின் இங்கிலாந்தில் குடியேறிய சாக்சன்கள் காலத்தது, அதுவும் ரோமானியர்களின் பழைய சிவப்பு ஓடுகளைப் பொறுக்கிச் செய்தது, பல நூற்றாண்டுகளாக யாருக்கும் தெரியாமல் சுவருக்குள் இருந்திருக்கிறது. மாட்டிஸ்டன் பிரபு 1957-ல் கோயிலைத் திரும்பக் கட்டியபோது அந்த வளைவை மூடவில்லை. சொரசொரப்பாக, கோணல்மாணலாக, பக்கத்தில் உள்ள 1950-களின் வழவழப்பான வெளிறிய கல்லோடு சேராமல், அப்படியே நிற்கிறது. கிரின்லிங் கிப்பன்ஸ் 1682-ல் செதுக்கிய ஞானஸ்நானத் தொட்டியின் மர மூடியும் தப்பித்து, அதே கூரைக்குக் கீழே இருக்கிறது. பழைய செங்கல் கோபுரத்தின் மேல் பச்சைச் செம்பில் புதிய உச்சி, அது முன்பு இல்லாதது, இல்லாதது என்பதை மறைக்கவும் இல்லை.

குண்டு எடுத்ததையும் குண்டு காட்டிக்கொடுத்ததையும் ஒரே கூடத்தில் வைத்து, அதில் ஆராதனையும் நடத்துகிறார்கள். மண் அதே மண், கல்லில் பாதி, உருவத்தில் கால்வாசி, புழக்கம் முழுசு. செயின்ட் பிரைட்ஸ் இதைவிட அழகு, போ இதைவிடத் துணிச்சல், ஃபுல்டன் இதைவிட அசல். ஆனால் என்ன நடந்தது என்று யாரும் சொல்லாமலே தெரிந்துகொள்ளவும், தெரிந்த பிறகு அங்கேயே மண்டியிடவும் முடிகிற இடம் இது ஒன்றுதான். இடிபாட்டை வை என்ற அந்த 1944 கடிதக்காரர்களுக்கும், திரும்பக் கட்டு என்றவர்களுக்கும் சேர்த்து ஒரே பதில் சொன்ன கோயில்.

நேரில் பார்க்க நினைப்பவர்களுக்கு: எல்லாம் நடக்கிற தூரம்தான், ஒரு நாள் போதும். டவர் ஹில் ஸ்டேஷனில் இறங்கி முதலில் ஆல் ஹாலோஸ், நிலவறையையும் விடாதீர்கள். அங்கிருந்து ஐந்து நிமிஷத்தில் செயின்ட் டன்ஸ்டன், சாப்பாட்டைக் கையோடு கொண்டு போங்கள். பிறகு மேற்கே சீப்சைடில் போ, அங்கே கூரையைப் பார்த்துவிட்டு ஹேவர்டின் மரியாள் ஜன்னலைத் தேடுங்கள். அப்புறம் வடக்கே ஆல்டர்மன்பரி தோட்டம், பத்து நிமிஷம் உட்கார்ந்து ஹெமிங்ஸ், கான்டெல் பெயர்களைப் படியுங்கள். கடைசியாக ஃப்ளீட் ஸ்ட்ரீட்டில் செயின்ட் பிரைட்ஸ். வார நாளில் போங்கள், ஞாயிறு என்றால் சிட்டியில் பல கடைகள் திறந்திருக்காது.